குழு மூன்று, ஏரி ஒன்று

ஆரணிக்குள் பட்டுத்தறி, ஊரைத் தாண்டினால் நெல்வயல். களம்பூர் பக்கம் போனாலும் தேவிகாபுரம் பக்கம் போனாலும் வழியில் ஓர் ஏரிக்கரை குறுக்கிடும். வடகிழக்குப் பருவமழை ஏமாற்றாத ஆண்டில், தை மாதத்து ஏரியில் நாமக்கோழியும் முக்குளிப்பானும் நீந்தும். நத்தைகுத்தி நாரை சேற்றைக் கிளறும். கரையில் பைனாகுலரோடு நிற்கும் ஆர்வலருக்கு அடையாளம் பிடிபடாத பறவை ஒன்று கண்ணில் பட்டால் போதும், படமெடுத்து “இது என்ன பறவை?” என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவார். மாவட்டக் குழு, புகைப்படக்காரர்கள் குழு, ஆசிரியர்கள் நடத்தும் இயற்கைக் குழு என்று மூன்றிலும் போடுவார். மூன்று பதில்கள் வரும். மறுநாள் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் மூன்றும் புதைந்துவிடும்.

எல்லாவற்றையும் ஒரே குழுவாக்கிவிட்டால் என்ன?

பறவை பார்ப்பவர்கள் கூடுமிடமெல்லாம் இந்தப் பேச்சு எழும். வசதிக்கும் குறைவில்லை. 2022-இல் வாட்ஸ்அப் ஒரு குழுவின் உச்சவரம்பை 1,024 பேராக உயர்த்தியது. பல குழுக்களை ஒரு குடைக்கீழ் கொண்டுவரும் வசதியையும் அதே ஆண்டில் தந்தது. ஆனால் ஆயிரம் பேர் பார்க்கும் இடத்தில் “இது காக்கையா, குயிலா?” என்று கேட்கப் புதியவருக்குக் கூச்சம். இருபது ஆண்டு அனுபவம் உள்ளவருக்கோ ஒரே கேள்விக்குத் தினமும் பதில் சொல்ல அலுப்பு. கொஞ்ச நாளில் நாலு பேர் பிரிந்துபோய்ப் புதுக்குழு தொடங்குவார்கள். மூன்று நான்காகும்.

இந்தச் சிதறல் செல்போனோடு வந்ததல்ல. 1960-இல் பறவையியலாளர் ஜாபர் புட்டேஹல்லி பறவை பார்ப்பவர்களுக்கென ஒரு செய்தி மடலைத் தொடங்கியபோது, நாட்டின் பறவை ஆர்வலர்கள் ஊருக்கு ஒருவராகத்தான் இருந்தார்கள். ஒருவர் பார்த்ததை இன்னொருவர் படிக்க அந்த மாத மடல் வழி செய்தது. சென்னையில் 1978-இல் மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி உருவானது. ஆனாலும் அவரவர் நோட்டுப் புத்தகம் அவரவர் அலமாரியில்தான் இருந்தது.

2007-இல் வேறொரு உத்தி வந்தது. பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையம் தொடங்கிய ‘மைக்ரன்ட் வாட்ச்’, யாரையும் எந்தக் குழுவிலும் சேரச் சொல்லவில்லை. ஒன்பது வகை வலசைப் பறவைகளைக் குறிப்பிட்டு, இந்தப் பருவத்தில் இதை முதன்முதலாக எந்தத் தேதியில் பார்த்தீர்கள் என்று மட்டும் கேட்டது. அதற்குப் பதில் எழுத யாரும் தன் வட்டத்தை விட்டு வெளியே வர வேண்டியிருக்கவில்லை.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகம் 2002-இல் தொடங்கிய ‘இ-பேர்டு’, பின்னர் உலகம் முழுவதற்குமான பேரேடாக வளர்ந்தது. அதில் ஒரு சின்ன ஏற்பாடு உண்டு. நான்கு பேர் சேர்ந்து ஏரிக்கரையில் நடக்கிறார்கள். ஒருவர் மட்டும் நேரம், தூரம், பறவைகளின் எண்ணிக்கை எல்லாம் குறித்து, 40 நாமக்கோழி என்று எழுதுகிறார். முடிந்ததும் அந்தப் பட்டியலை மற்ற மூவருக்கும் பகிர்கிறார். நால்வர் கணக்கிலும் பட்டியல் ஏறும். கோழி என்னவோ 40 தான், 160 ஆகாது. கை தவறி ஒரு சுழியம் கூடி, அந்த இடத்துக்கும் மாதத்துக்கும் பொருந்தாத எண்ணிக்கையாகிவிட்டால் செயலியே விளக்கம் கேட்கும். அதன் பிறகு அந்தப் பகுதிப் பறவைகளை நன்கு அறிந்த தன்னார்வலர் ஒருவர் பதிவைச் சரிபார்ப்பார்.

பேரேடு பொதுவான பிறகு நாளும் பொதுவானது. பிப்ரவரியில் நான்கு நாட்கள் நடக்கும் உலகளாவிய கணக்கெடுப்பில் இந்தியா 2013 முதல் பங்கேற்கிறது. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று பார்த்தாலே போதும். தமிழ்நாட்டில் பொங்கலையொட்டித் தனிக் கணக்கெடுப்பும் நடக்கிறது. ஊருக்கு வந்த பேரப்பிள்ளைகளும் தாத்தாவோடு கரைக்குப் போகலாம். தமிழ்ப் பெயர் தெரியாதவருக்கு ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதி 2013-இல் க்ரியா வெளியிட்ட அறிமுகக் கையேடு இருக்கிறது.

இப்படிச் சேர்ந்த பதிவுகளே ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கையாயின. 2023 அறிக்கை, 30,000-க்கும் மேற்பட்டோர் தந்த சுமார் 3 கோடிப் பதிவுகளைக் கொண்டு 942 இனங்களை மதிப்பிட்டு, 178 இனங்களை உடனடி அக்கறைக்குரியவை என்றது. அந்த முப்பதாயிரம் பேரும் ஒரே குழுவில் இருந்தவர்கள் அல்லர்.

ஆரணி நெசவாளருக்கு இது புதிதாக இருக்காது. தறியில் பழைய பாவு முடியும்போது அதன் நுனிகளோடு புதுப் பாவை இழை இழையாகப் பிணைக்கிறார்கள். எந்த இழையும் பக்கத்து இழையோடு சேர்ந்து ஒன்றாகிவிடுவதில்லை.

பிரிந்திருக்க நியாயமான காரணமும் உண்டு. கூடு இருக்கும் மரம் எது என்று புகைப்படக்காரர் கேட்பார். சொன்னால் கூட்டம் சேர்ந்து தாய்ப்பறவை கூட்டை விட்டுப் போய்விடும் என்று மற்றவர் மறுப்பார். கூட்டுப் படங்களையே ஏற்காத குழுக்கள் பல. வேட்டைக்கும் தொந்தரவுக்கும் ஆளாகக்கூடிய சில இனங்களின் இருப்பிடத்தை இ-பேர்டும் மறைத்துவிடுகிறது. இந்தச் சண்டையை ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்தால் பறவை பார்க்க நேரம் இருக்காது.

தனித்தனியாக இருப்பதையே வேலைப் பங்கீடாக மாற்றிக் காட்டியது கேரளம். அந்த மாநிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் 2015 முதல் 2020 வரை நடந்து, 361 இனங்களைப் பற்றிச் சுமார் மூன்று லட்சம் பதிவுகள் சேர்த்துப் பறவை வரைபடத் தொகுப்பை முடித்தார்கள். கட்டத்தில் எந்த இடம் வருகிறதோ அங்கே போக வேண்டும் என்பதால், யாரும் எட்டிப் பார்க்காத மூலைகளுக்கும் பட்டியல் கிடைத்தது.

ஆரணிப் பக்கத்திலும் இதையே செய்யலாம். களம்பூர் ஏரிகள் ஒரு குழுவுக்கு, தேவிகாபுரம் வழி இன்னொன்றுக்கு, கமண்டல நாகநதிக் கரை மூன்றாவதற்கு. யாருக்கு எது என்று முடிவு செய்ய மட்டும் மூன்று அட்மின்களும் ஒருமுறை டீக்கடையில் உட்கார வேண்டியிருக்கும்.