டீசல் போய்ச் சேரும்வரை

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயல், போகிற வழியைப் பார்த்துப் போகாமல் அங்கேயே மணிக்கணக்கில் நின்றுவிட்டது. மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் 51 செ.மீ. மழை. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலான ரயில் பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தொட்டு ரயில்கள் நின்றன. அரசூர் பக்கம் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் வெள்ளம் ஏறி வண்டிகளும் நின்றன. விழுப்புரம், திண்டிவனம் பகுதியில் செல்போன் டவர் வேலை பார்க்கிறவர்களிடம் பேட்டரி என்று பேச்சை எடுத்தால், இன்றைக்கும் அந்த நாள்களில்தான் வந்து நிற்கிறார்கள்.

அப்படி ஒருவரோடு சைட் சைட்டாகச் சுற்றினேன். பைக்கின் பின்பெட்டியில் மல்டிமீட்டர், கிளாம்ப் மீட்டர், ஸ்பேனர்கள், ஒரு டப்பா வாசலின். அவர் பொறுப்பில் இருக்கும் டவர்கள் செஞ்சிப் பக்கம் பாறைக்காட்டிலும் இருக்கின்றன, மரக்காணம் உப்பளக் காற்றிலும் இருக்கின்றன. எல்லாவற்றிலும் ஏற்பாடு ஒன்றுதான். ஈ.பி. கரண்ட் வருகிறது, ரெக்டிஃபையர் அதை 48 வோல்ட் டி.சி.யாக மாற்றுகிறது, கருவிகள் அதில் ஓடுகின்றன, பேட்டரியும் அதிலேயே ஏறிக்கொள்கிறது. கரண்ட் போனால் பேட்டரி. அதுவும் இறங்கினால் ஜெனரேட்டர். இதில் நேர்முனையை எர்த் செய்வார்கள். மண்ணில் புதைத்த செம்புக் கம்பி அரிக்காமலிருக்க டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் காலத்தில் வந்த வழக்கம் 5ஜி காலத்திலும் மாறவில்லை.

மரக்காணம் சாலையில் ஒரு சைட். கேபினெட்டைத் திறந்ததும் சூடு முகத்தில் அடித்தது. இரண்டு வோல்ட் செல்கள் 24, வரிசையாக இரும்பு ஸ்டாண்டில். சில முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. அதைச் சுரண்டித் துடைத்து, நட்டை இறுக்கி, வாசலின் தடவினார். பிறகு ஒவ்வொரு செல்லாக மீட்டரை வைத்துப் பார்த்தார். எல்லாமே 2.25-ஐ ஒட்டி.

“நல்லாத்தானே இருக்கு?” என்றேன்.

“சார்ஜர் முட்டுக்கொடுத்துப் புடிச்சிருக்குது சார். லோடுல வுட்டாத்தான் தெரியும்” என்று ஈ.பி. மெயினை இறக்கினார்.

அரை மணி நேரம் வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தோம். இடத்துக்குச் சொந்தக்காரப் பெரியவர் வந்து, வாடகை ஏன் இன்னும் ஏறவில்லை என்று இவரிடம் கேட்டுவிட்டுப் போனார். வாடகைக்கும் இவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை; கம்பெனி என்று கண்ணில் படுகிறவர் இவர் ஒருவர்தான். மறுபடி மீட்டரை வைத்தபோது செல்கள் 2.03, 2.02 என்று நின்றன. பதினேழாவது மட்டும் 1.88-க்கு வந்திருந்தது. எல்லாச் செல்லும் ஒரே தொடரில் இருப்பதால், இந்த ஒன்று நொண்டினால் மற்ற 23-ம் அதோடு சேர்ந்து நொண்ட வேண்டியதுதான்.

பேட்டரி விற்கிறவரின் கணக்கு எளிது. 600 ஆம்பியர்-அவர் பேட்டரி பேங்க், 40 ஆம்பியர் லோடு. வகுத்தால் 15 மணி நேரம். இவர் தரையில் குச்சியால் தன் கணக்கைப் போட்டார். லெட் ஆசிட்டை அடிவரை உறிஞ்சக் கூடாது, 80 சதவீதத்தோடு நிறுத்தினால் 12. வயதாகி அதன் கொள்ளளவும் 80 சதவீதத்துக்கு வந்துவிட்டால் ஒன்பதரை. பதினேழாம் நம்பர் மாதிரி ஒன்று உள்ளே இருந்தால் ஏழோ எட்டோ. வெயில் இதில் தனிக் கணக்கு. 27 டிகிரிக்கு மேல் பத்துப் பத்து டிகிரி ஏற ஏற இந்த பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். விழுப்புரத்து மே மாதத்தில், மூடிய இரும்புப் பெட்டிக்குள் எத்தனை டிகிரி இருக்கும்?

அப்படியானால் எல்லா இடத்திலும் லித்தியம் போட்டுவிடலாமே? எனக்கும் அப்படித்தான் தோன்றியது. 24 லெட் செல்கள் சேர்ந்தால் ஒரு டன்னை நெருங்கும். 100 ஆம்பியர்-அவர் லித்தியம் பெட்டியை இரண்டு பேர் தூக்கிவிடலாம். லெட் முழுதாக ஏறப் பத்து மணி நேரத்துக்கு மேல் கேட்கும். அடிக்கடி கரண்ட் போகும் ஃபீடர் லைனில் அதற்கு அவ்வளவு நேரம் கிடைப்பதில்லை. அரைகுறையாக ஏறி ஏறி தகட்டில் சல்பேட் படிந்துவிடும். லித்தியம் மூன்று நான்கு மணி நேரத்தில் ஏறிக்கொள்ளும், அரைகுறை சார்ஜும் அதைக் கெடுக்காது. இப்படிப்பட்ட ஃபீடர்களில் லித்தியத்துக்குக் கூடுதல் விலை கொடுப்பது வீண் இல்லை என்றுதான் நானும் நினைக்கிறேன்.

ஆனால் அவருக்கு அதில் இரண்டு மனத்தாங்கல். லெட், வோல்ட் இறங்க இறங்கச் சொல்லிக்கொண்டே சாகும். லித்தியம் கடைசிவரை ஏறக்குறைய ஒரே வோல்டில் நின்றுவிட்டு, அதைக் காக்க உள்ளிருக்கும் பி.எம்.எஸ். போர்டு கட் செய்ததும் பொசுக்கென்று போய்விடும். இரண்டாவது, திருட்டு. இரண்டு பேர் தூக்கலாம் என்பது திருடனுக்கும் வசதிதான். அதனால் ஆள் நடமாட்டம் இல்லாத சைட்டில் கம்பிக் கூண்டு வெல்டிங் வைக்காமல் லித்தியம் வேண்டாம் என்கிறார்.

இதைவிட அவர் அழுத்திச் சொன்னது வேறு. எந்த பேட்டரி என்பதற்கு முன்னால், எத்தனை மணி நேரத்துக்கு என்பதை முடிவு செய்ய வேண்டும். அலுவலகத்தில் அதைக் கரண்ட் கட் ஆகும் நேரத்தைப் பார்த்து முடிவு செய்கிறார்களாம். “கரண்ட் எப்ப வரும்னு பாக்கக் கூடாது சார். டீசல் கேனோட நான் எப்ப போய்ச் சேருவேன்னு பாக்கணும்.” புயல் நாளில் வெள்ளம் ஏறாத நெடுஞ்சாலை ஓரத்து டவருக்கு அரை நாள் பேக்கப் போதும், ஓடை தாண்டிப் போக வேண்டிய டவருக்கு இரண்டு நாள் இருந்தாலும் பற்றாது. ஓடை தாண்டிய அந்த டவர் ஹப்பாக இருந்துவிட்டால் இன்னும் மோசம். பக்கத்துக் கிராமங்களின் டவர்கள் அதன் வழியாகத்தான் பேசுகின்றன. அது படுத்தால் அவையும் படுக்கும். அங்கே ஒரே பெரிய பேங்குக்குப் பதில் இரண்டாகப் பிரித்துப் போடச் சொல்கிறார். ஒன்று காலை வாரினாலும் மற்றது பாதி நேரமாவது தாங்கும். வோல்ட் இறங்கும்போது ரேடியோக்களை முதலில் கட் செய்து, மற்ற டவர்களை இணைக்கும் டிரான்ஸ்மிஷன் கருவியைக் கடைசிவரை ஓட விடும்படி செட்டிங் வைப்பது இன்னொன்று. அதற்குக் காசே செலவில்லை. ஸ்டாண்டை ஒன்றரை அடி உயர்த்திக் கட்டச் சொன்னதற்குச் செலவு உண்டு. வெள்ளம் வந்தால் அடி வரிசைச் செல்கள்தான் முதலில் முழுகும்.

அவர் நிரப்பும் ஆய்வுப் படிவத்தை வாங்கிப் பார்த்தேன். செல் வோல்ட், லோடு ஆம்பியர், டீசல் அளவு, எர்த் என்று கட்டம் கட்டமாக இருக்கிறது. வழிக்குக் கட்டம் இல்லை. கீழே ‘குறிப்பு’ என்று விட்டிருக்கும் இடத்தில் ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்னும் அவரே எழுதி அனுப்புகிறார்: “ஓடையில் தண்ணீர் வந்தால் பைக் போகாது. டிராக்டர் வேண்டும். 600 பத்தாது.” இதுவரை டிராக்டர் வாடகைக்கு மட்டும் ஒப்புதல் வந்திருக்கிறது.