ஏழு ராத்திரி... நடுவே ஒரு பகல்!

"ஏன்டா, ஒரே கப்பல்ல எதுக்குடா ரெண்டு டிக்கெட்?"

போன செமஸ்டர் லீவுக்கு சிங்கப்பூர் கிளம்புறப்போ ஹாஸ்டல்ல ஒருத்தன் விடாம கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்விதான். மூணு ராத்திரி பயணம் ஒண்ணு, நாலு ராத்திரி பயணம் ஒண்ணு. முதல் பயணம் காலையில் சிங்கப்பூரில் முடியும். அதே கப்பல், அதே நாள் சாயங்காலம் சிங்கப்பூரிலிருந்தே அடுத்த பயணம் கிளம்பும். இதை அடுத்தடுத்து சேர்த்து புக் பண்றதுக்குப் பேரு 'பேக் டு பேக்'. ஊர் சுத்துற ஆசையில் பண்றவங்க நிறைய பேர். எங்க கதை வேற.

எங்க அத்தை மகன் அந்தக் கப்பலில் கேபின் சுத்தம் பண்ற வேலையில் இருக்கார். தூத்துக்குடியிலிருந்து போய் ஏழு மாசம். அம்மாவைப் பார்த்தும் ஏழு மாசம். கப்பல் ஊழியர்களின் குடும்பத்துக்குக் கட்டணச் சலுகை உண்டுன்னு மச்சான் சொன்னதும், அத்தை நேரா என்கிட்ட வந்தாங்க. "ஏலேய், நீ இங்கிலீஷ் படிச்சவன்தானல? என்னைக் கூட்டிட்டுப் போ." நான் படிக்கிறது மெக்கானிக்கல், இங்கிலீஷ் இல்லைன்னு சொன்னா கேக்குற ஆளா அத்தை!

ரெண்டு டிக்கெட் ஐடியா என்னோடது. 'மூணு நாள்ல மச்சானுக்கு நேரமே கிடைக்காது. ஆனா, ரெண்டு பயணத்துக்கும் நடுவுல ஒரு பகல் வருதே... பயணிகள் எல்லாரும் இறங்கிடுவாங்க, கப்பல் காலி. அன்னிக்கு மச்சான் ஃப்ரீ!' இதுதான் என் கணக்கு. இன்ஜினீயரிங் மூளை பாஸ்!

அந்தக் கணக்கு எப்படித் தப்பாச்சுன்னு சொல்றேன். அதுக்கு முன்னாடி, நாளைக்கு நீங்களும் இப்படி புக் பண்ணினா உதவுற சில விஷயங்கள்.

புக் பண்றப்போ...

கம்பெனியைப் பொறுத்தவரை இது ரெண்டு தனித்தனி பயணம். ரெண்டு புக்கிங் நம்பர், ரெண்டு பில், ரெண்டு செக்-இன். அதனால முதல் வேலை, ரெண்டையும் இணைச்சு வைக்கச் சொல்லுங்க. ரெண்டாவது வேலை, ரெண்டுக்கும் ஒரே கேபின் கேளுங்க. கேபின் மாறினா, நடுநாளில் பெட்டி கட்டி, காத்திருந்து, மறுபடி பெட்டி பிரிக்கணும். பாதி நாள் அதிலேயே போயிடும்.

மூணாவது, விசா. நம்ம பாஸ்போர்ட்டுக்கு இதுதான் முக்கியம். முதல் பயணம் முடிஞ்சு திரும்பினா, அது சிங்கப்பூருக்குள் இன்னொரு முறை நுழையறதா ஆகிடும். விமானத்தில் வந்தது ஒண்ணு, முதல் கப்பல் திரும்பினது ரெண்டு, கடைசியா திரும்பறது மூணு. அதனால பலமுறை நுழையும் விசா வேணும். 'அரைவல் கார்டு'னு ஒண்ணு ஆன்லைனில் நிரப்பணும். அது இலவசம்தான், நுழையறதுக்கு முந்தின மூணு நாளுக்குள்ள நிரப்பலாம். அதுக்குக் காசு கேக்குற வெப்சைட் எதுலயும் மாட்டிக்காதீங்க. வழியில் வர்ற மலேசியா, தாய்லாந்து விதிகள் அடிக்கடி மாறும். கிளம்புறதுக்கு முந்தின வாரம் ஒரு தடவை பார்த்துடுங்க.

நாலாவது, ரூட். ரெண்டு பயணமும் ஒரே ஊருக்குப் போகுதான்னு கவனிங்க. எங்களுக்கு முதல் பயணம் போர்ட் கிளாங், ரெண்டாவது பினாங்கு, புக்கெட். ஊர் மாறினாலும் மேடை நிகழ்ச்சியும் சாப்பாட்டு மெனுவும் திரும்ப வரும். எனக்கு மேஜிக் ஷோவில் முயல் எங்கிருந்து வருதுன்னு ரெண்டாவது தடவையில் புரிஞ்சுடுச்சு!

அமெரிக்காவில் இன்னொரு வேடிக்கை இருக்கு. வெளிநாட்டுக் கொடி பறக்கிற கப்பல், ஒரு அமெரிக்கத் துறைமுகத்தில் ஏத்தின பயணியை இன்னொரு அமெரிக்கத் துறைமுகத்தில் கொண்டுபோய் இறக்கக் கூடாதுன்னு 1886-ல் ஒரு சட்டம் போட்டிருக்காங்க. சியாட்டிலில் ஏறி கனடாவின் வான்கூவரில் இறங்கலாம், தப்பில்லை. வான்கூவரில் ஏறி அலாஸ்காவின் செவார்டில் இறங்கலாம், அதுவும் தப்பில்லை. ஆனா, ரெண்டையும் ஒரே கப்பலில் அடுத்தடுத்து புக் பண்ணினா, சியாட்டில் டூ செவார்டு ஆகிடுது... சட்டவிரோதம்! தனித்தனியா ஓகே, சேர்த்தா நாட் ஓகே. கப்பல்காரங்களே அந்த புக்கிங்கை ஏத்துக்க மாட்டாங்க.

அந்த நடுநாள்

சரி, எங்க கதைக்கு வருவோம். முதல் மூணு நாளில் மச்சானை நாங்க பார்த்தது மொத்தமா ஒரு மணி நேரம்கூட இருக்காது. ராத்திரி வேலை முடிஞ்சு, மேலதிகாரிகிட்ட அனுமதி வாங்கி, அஞ்சு நிமிஷம் வந்து நிப்பார். பயணிகள் உக்கார்ற இடத்தில் யூனிஃபார்மோட உக்காரக் கூடாதாம். அத்தை உக்காந்திருக்க, மகன் நின்னுக்கிட்டே பேசுவார். போர்ட் கிளாங்கில் எல்லாரும் இறங்கிப் போனாங்க. அத்தை இறங்கவே இல்லை. "விடுல, ஞாயித்துக்கிழமை வரும்லா"ன்னு நடுநாளையே எண்ணிக்கிட்டு இருந்தாங்க.

சனிக்கிழமை ராத்திரி காரிடார் முழுக்க பெட்டிகள். ஊருக்குப் போறவங்க பெட்டியை வெளியே வெச்சுட்டா, ஊழியர்களே இறக்கிடுவாங்க. எங்களை மாதிரி தங்கறவங்க வைக்க வேண்டியதில்லை. எங்க கேபினுக்கு ஒரு கடிதம் வந்தது. காலையில் எத்தனை மணிக்கு, எந்த ஹாலில் கூடணும்னு அதில் இருந்தது. அதுவரைக்குமான பில்லை அன்னிக்கே முடிச்சுடறாங்க. கதவைத் திறக்கிற கார்டு மாறுது. இன்டர்நெட் பேக் வாங்கியிருந்தா அதுவும் முதல் பயணத்தோட முடிஞ்சுடும்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கெல்லாம் மரீனா பே க்ரூஸ் சென்டரில் கப்பல் கட்டியாச்சு. தொடர்ந்து போறவங்களும் ஒரு தடவை இறங்கியே ஆகணும். இமிக்ரேஷனில் பாஸ்போர்ட், கைரேகை எல்லாம் உண்டு. கடைசிப் பயணியும் இறங்கி, கணக்கு 'ஜீரோ' ஆன பிறகுதான் மறுபடி ஆள் ஏத்தறாங்க. பெட்டியைத் தூக்க வேண்டாம்கிறது ஒண்ணுதான் நமக்கு சலுகை.

அந்த இடைவெளியில் ஊருக்குள்ளேயும் போய் வரலாம். பக்கத்திலேயே மரீனா சவுத் பியர் மெட்ரோ ஸ்டேஷன். தோபி காட்டில் லைன் மாறினா அடுத்த ஸ்டேஷன் லிட்டில் இந்தியா. சிராங்கூன் ரோட்டில் வீரமாகாளியம்மனைக் கும்பிட்டு, ஒரு தோசை சாப்பிட்டுத் திரும்ப நேரம் இருக்கும். நான் பிளான் எல்லாம் போட்டு வெச்சிருந்தேன். அத்தை ஒரே வார்த்தை... "நான் வரல. நீ போ." எப்படிப் போறது? ரெண்டு பேரும் டெர்மினலிலேயே உக்காந்து, திரும்ப ஏத்தினதும் முதல் ஆளா ஏறினோம்.

காலிக் கப்பலைப் பார்க்கணும் நீங்க! நீச்சல் குளத்தில் ஒரு அலைகூட இல்லை. நேத்து நிக்க இடம் இல்லாத படிக்கட்டில் எங்க செருப்புச் சத்தம் மட்டும் கேக்குது. எனக்கு ஜாலி தாங்கலை. மேல்தளத்திலிருந்து எட்டிப் பார்த்தா, ஒரு பக்கம் ஃபோர்க்லிஃப்ட் வரிசையா அரிசி, காய்கறி, பழப் பெட்டிகளை உள்ளே தள்ளுது. இன்னொரு பக்கம் குப்பை வெளியே போகுது. கடல் பக்கமா ஒரு எண்ணெய்ப் படகு ஒட்டி நின்னு, பெரிய ஹோஸ் வழியா எரிபொருள் ஏத்துது. உலகத்திலேயே அதிகமா கப்பல் எரிபொருள் நிரப்பப்படுற துறைமுகம் சிங்கப்பூர்தான். மெக்கானிக்கல்காரன் நான் வாயைப் பிளந்து பார்த்துக்கிட்டு நின்னேன்.

திரும்பிப் பார்த்தா அத்தையைக் காணோம்.

தேடிப் போனா, மச்சான் வேலை பார்க்கிற தளத்தில், காரிடார் ஓரமா நிக்கறாங்க. ரெண்டு பக்கமும் எல்லாக் கதவும் திறந்து கிடக்கு. காரிடார் நெடுக அழுக்குத் துணி மூட்டைகள். ஒரு கேபினுக்குள்ள மச்சான் முட்டி போட்டு, கட்டிலுக்கு அடியில் வேக்யூம் பண்ணிக்கிட்டு இருக்கார். சட்டை முதுகு முழுக்க நனைஞ்சு போச்சு. அவர் பொறுப்பில் 16 கேபின். அத்தனையிலும் படுக்கை உரிச்சு, புதுசு விரிச்சு, பாத்ரூம் கழுவி, மத்தியானத்துக்குள்ள முடிக்கணும். புதுப் பயணிகள் கீழே வந்து நிக்க ஆரம்பிச்சுட்டாங்க.

அப்பதான் எனக்கு உறைச்சுது. நமக்கு ரெண்டு பயணத்துக்கு நடுவுல கிடைக்கிற லீவு நாள், அவங்களுக்கு வாரத்திலேயே மோசமான நாள். கப்பல் காலியா இருக்கிறது நம்ம கண்ணுக்குத்தான்!

அத்தை குனிஞ்சு கீழே கிடந்த தலையணை உறையை எடுத்தாங்க. "எம்மா, அதைத் தொடாத. சூப்பர்வைசர் பாத்தா என்னையத்தான் கேப்பார்"னு மச்சான் பதறினார். அத்தை அப்படியே கீழே வெச்சுட்டாங்க.

பதினொன்றரை மணிக்கு மச்சானுக்கு 20 நிமிஷம் பிரேக். சூப்பர்வைசர் நல்ல மனுஷர். ஆள் இல்லாத மேல்தளத்தில் உக்காந்து பேசிக்க அனுமதி கொடுத்தார். அத்தை ஊரிலிருந்து பத்திரமா கொண்டுவந்த மக்ரூன் பாக்கெட்டைப் பிரிச்சாங்க. மச்சான் ரெண்டு எடுத்து வாயில் போட்டார். "அப்பா எப்படி இருக்காரு?"ன்னு கேட்டார். அத்தை பதில் சொல்லி முடிக்கறதுக்குள்ள, சேரில் சாய்ஞ்ச வாக்கிலேயே தூங்கிட்டார்.

நான் எழுப்பப் போனேன். அத்தை என் கையைப் பிடிச்சு நிறுத்தினாங்க. "தூங்கட்டும்ல."

ஏழு மாசம் காத்திருந்து, விமானம் ஏறி, ரெண்டு டிக்கெட் போட்டு வந்த அந்தப் பகலில், அத்தை தன் மகனோட பேசினது நாலு வார்த்தை. மிச்ச நேரம் அவர் தூங்கறதைப் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. செல்போனில் மணி பார்த்து, சரியான நேரத்துக்கு அவரை எழுப்பற கொடுமையான வேலை எனக்கு.

ரெண்டாவது ரவுண்டு

கப்பல் வேலையில் 24 மணி நேரத்துக்குக் குறைஞ்சது 10 மணி நேரம் ஓய்வு கொடுக்கணும்னு 2006-ம் வருஷத்து சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை சொல்லுது. இந்தியா 2015-ல் அதை ஏத்துக்கிட்டது. அந்த 10 மணி நேரத்தை ரெண்டு துண்டா பிரிக்கலாம், ஒண்ணு மட்டும் ஆறு மணி நேரமாவது இருக்கணும். நடுநாளில் அந்த ரெண்டாவது துண்டு எப்போ வரும்கிறது அவங்க கையில் இல்லை.

சாயங்காலம் புதுக் கூட்டம் ஏறியாச்சு. மறுபடியும் எல்லாருக்கும் பாதுகாப்பு ஒத்திகை. 'நாலு நாள் முன்னாடிதானே பண்ணினோம்'னு நழுவப் பார்த்தேன், விடலை. காரணம் பெருசு. 2012 ஜனவரி 13 ராத்திரி இத்தாலியின் ஜிலியோ தீவு பக்கத்தில் 'கோஸ்டா கான்கார்டியா' கப்பல் பாறையில் மோதி 32 பேர் செத்துப் போனாங்க. அன்னிக்கு சாயங்காலம் சிவிடாவெக்கியா துறைமுகத்தில் ஏறினவங்களுக்கு ஒத்திகையே நடக்கலை. 24 மணி நேரத்துக்குள்ள நடத்தினா போதும்னு அப்போ விதி. 2015 ஜனவரியிலிருந்து, கப்பல் கிளம்பறதுக்கு முன்னாலயோ கிளம்பின உடனேயோ நடத்தியே ஆகணும்னு மாத்திட்டாங்க. அங்கேயும் மச்சானைப் பார்த்தோம். லைஃப் ஜாக்கெட் போட்டு, கை காட்டி, கூட்டத்தை வரிசைப்படுத்திக்கிட்டு இருந்தார். அப்பவும் அவருக்கு வேலை முடியலை!

ஆனா, என் கணக்கு முழுசா தோத்துப் போகலை. ரெண்டாவது நாள் பினாங்கு. பயணிகள் ஊர் சுத்தப் போனதும் ஊழியர்களில் சிலருக்கு ரெண்டு மணி நேரம் கரைக்குப் போக அனுமதி. மச்சான் ஜீன்ஸ் பேன்ட்டில் இறங்கி வந்தார்! ஸ்வெட்டன்ஹாம் பியரிலிருந்து நடந்தே போயிடலாம், குயின் தெரு மகாமாரியம்மன் கோயிலுக்கு. 1833-ல் கட்டின கோயில். அத்தை மகன் கையைப் பிடிச்சுக்கிட்டு நடந்தாங்க. வழியெல்லாம் தமிழ் போர்டு, பூக்கடை, மல்லி வாசனை. நான் பத்தடி பின்னாலயே நடந்தேன். இங்கிலீஷுக்கு அங்கே வேலையே இல்லை.

ஸோ... கப்பலில் வேலை பார்க்கிற ஆளைப் பார்க்கப் போறீங்கன்னா, நடுநாளை நம்பாதீங்க. கப்பல் வேற ஊரில் நிக்கிற மத்தியானத்தை நம்புங்க. சுத்திப் பார்க்கத்தான் போறீங்கன்னா, நடுநாளில் காலிக் கப்பலை நல்லா அனுபவியுங்க. ஆனா, வேலை நடக்கிற காரிடாரில் போய் 'டவல் இல்லையா?'ன்னு மட்டும் நிக்காதீங்க ப்ளீஸ்.

கடைசி நாள் காலை. பல் தேய்ச்சுட்டு வந்து பார்த்தா, அத்தை எங்க படுக்கைகளை உரிச்சு, விரிப்பையெல்லாம் மடிச்சு, தலையணை உறைகளைக் கழட்டி ஓரமா அடுக்கி வெச்சிருக்காங்க.

"அத்தை, இது மச்சான் கேபின் இல்ல. இங்க வேற பையன். பிலிப்பைன்ஸ்காரர்."

"தெரியும்ல" என்றாங்க அத்தை, கடைசி உறையை உதறிக்கிட்டே. "அவனுக்கும் இன்னைக்கு 16 ரூம் இருக்கும்லா?"