பாட்டி கோலமும் பின்னாடி பொத்தானும்



எங்க பாட்டி சிக்குக்கோலம் போடும்போது பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தாலும் பிடிபடாது. 9 புள்ளி, ஊடுபுள்ளி 5 வரை. இழை எங்கே திரும்புதுன்னு கேட்டால், "அது கைக்குத் தெரியும்டி" என்பாங்க. இப்போ அந்தக் கை நடுங்குது. நடுக்கம் அதிகமாவதற்கு முன்னாடியே மாமா செல்போனில் இரண்டரை நிமிடம் வீடியோ எடுத்து வைத்திருந்தார். ஆனால் மாமா வேலைக்குப் போனால் செல்போனும் கூடவே போய்விடும். விரலால் பின்னாடி இழுத்தாலோ பாதிக் கோலம் தாண்டிவிடும்!

பெரியம்மா வீட்டு அண்ணனின் பழைய கம்ப்யூட்டரில் மேக்ரோமீடியா ஃப்ளாஷ் எம்எக்ஸ் 2004 இருக்கிறது. வீடியோவை ஏவிஐ ஆக மாற்றி உள்ளே சேர்த்தோம். அதற்கு 'கோலம்' என்று ஒரு பெயர் வைத்தோம். பெயர் இருந்தால்தான் பொத்தானுக்கு யாரை நிறுத்துவது என்று தெரியும். நம்ம வகுப்பில் "ஏய்" என்றால் எல்லோரும் திரும்புவோமே, அது மாதிரி.

பிறகு பொத்தான்கள் வரைந்தேன். நிரல் எழுத எனக்குத் தெரியாது. அதற்குத்தான் பிஹேவியர்ஸ் என்று ஒரு கட்டம் இருக்கிறது. கூட்டல் குறியை அழுத்தினால் ஓடு, நிறுத்து, பின்னாடி போ, மறை என்று யாரோ முன்பே எழுதி வைத்தவை வரிசையாக வரும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து 'கோலம்' என்று காட்டினால் போதும், நிரல் தானாகப் பொத்தானில் ஏறிவிடும். திறந்து பார்த்தேன். முதல் வரியில் 'ஆன் ரிலீஸ்' என்று இருந்தது. அழுத்தும்போது இல்லை, விரலை எடுக்கும்போதுதான் வேலை நடக்குமாம்.

பின்னாடி போவதற்கு எத்தனை ஃபிரேம் என்று கேட்கும். நொடிக்கு 12 ஃபிரேம் வைத்திருந்தோம். அதனால் 60 கொடுத்தேன், 5 நொடி. ஒரு திருப்பத்துக்கு அது சரியாக இருக்கிறது.

ஃப்ளாஷ் பிளேயரை 2020 டிசம்பர் 31-உடன் நிறுத்திவிட்டார்கள். ஆனால் புரொஜெக்டர் என்று தனிக் கோப்பாக எடுத்தால் பிளேயரும் அதற்குள்ளேயே இருக்கும். அதனால் இன்னும் ஓடுகிறது.

இப்போ தெருப் பிள்ளைங்க நாலு பேர் கற்றுக்கொள்ள வர்றாங்க. மூன்றாவது வரிசை வந்தாலே பின்னாடி பொத்தானுக்குச் சண்டைதான். பாட்டியையும் உட்கார வைத்துக் காட்டினேன். தன் கையையே கொஞ்ச நேரம் பார்த்தாங்க. நான் நிறுத்து பொத்தானைத் தொட்டதும், "நிறுத்தாதடி, இழை சேரட்டும்" என்றாங்க.