எஞ்சின் நின்ற பின்னும்

ஏர்மாடுகள் அருகிவிட்ட நம் கிராமங்களில் டிராக்டர் இன்று குடும்பத்தில் ஒருவரைப்போல் ஆகிவிட்டது. அதன் பின்புறத்தில், உள்ளங்கையில் அடங்கக்கூடிய ஓர் இரும்பு இணைப்பு உண்டு, கப்ளிங் என்பர். அதைப்பற்றி நாம் எழுதப் புகுவது வாசக அன்பர்களுக்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் அந்தக் கப்ளிங்கினிடத்தில் நாம் ஒருநாள் காட்டிய அவசரத்தினால் ஓர் இளைஞனின் விரல் மடங்காமற் போயிற்று. ஆதலால் எழுதுகிறோம்.

அயர்லாந்தில் பிறந்த ஹாரி ஃபெர்குசன் என்பார், எண்ணெயின் அழுத்தத்தால் கலப்பையைத் தூக்கி இறக்கும் அமைப்பை உருவாக்கினார். 1939-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஃபோர்டு-ஃபெர்குசன் டிராக்டர் அவ்வமைப்பைப் பரவலாக்கியது. சென்னையில் 1960-இல் டாஃபே நிறுவனம் தோன்றி, அவ்வழிவந்த டிராக்டர்களை நம் உழவர்க்கும் அளித்தது. தொடக்கத்தில் எண்ணெய் டிராக்டரின் வயிற்றுக்குள்ளேயே வேலை செய்தது. மண்ணும் எருவும் ஏற்றும் டிப்பர் பெட்டிகள் வந்தபின், அதே எண்ணெயை ஹோஸ் வழியாக வெளியே கொண்டுசென்று பெட்டியின் அடியிலுள்ள ஜாக்கியை உயர்த்த வேண்டியதாயிற்று. அப்போதுதான் கப்ளிங் தேவைப்பட்டது.

அதன் அமைப்பு எளியது. டிராக்டரின் பின்புறம் இருப்பது கூடு. ஹோஸின் நுனியில் இருப்பது முனை. இரண்டினுள்ளும் சுருள்வில்லால் தள்ளப்பட்ட சிறு வால்வுகள் உள்ளன. பிரிந்திருக்கையில் அவை மூடிக்கொண்டு எண்ணெயைத் தடுக்கும். முனையைக் கூட்டினுள் அழுத்தினால் ஒன்றையொன்று தள்ளித் திறந்துகொள்ளும். கூட்டைச் சூழ்ந்த எஃகுக் குண்டுகள் முனையின் பள்ளத்தில் விழுந்து பூட்டிக்கொள்ளும். வெளிவளையத்தை இழுத்தால் பூட்டு விடுபடும். குழந்தையும் செய்யலாம் என்று தோன்றும். உள்ளே அழுத்தம் இல்லாதவரை அது உண்மைதான்.

சில ஆண்டுகளுக்கு முன், காவிரிப் படுகையில் நாம் பணியாற்றிய பங்கு ஒன்றில், மழைக்கு முன்னர் கல்லறைத் தோட்டப் பாதையை மேடாக்க எண்ணினோம். அன்பர் ஒருவர் முப்பது வயதைக் கடந்த தம் டிராக்டரையும் டிப்பரையும் தந்து உதவினார். ஓட்டியவர் இருபத்திரண்டு வயது இளைஞர். பெற்றோருக்கு ஒரே மகன். காலையில் பெட்டி நிறைய மண் ஏற்றியாயிற்று. பெட்டியைச் சற்றே உயர்த்திப் பார்த்து இறக்கிய தம்பி, லிவரை நடுநிலையில் விட்டு, ஹோஸைக் கழற்றிவிட்டு வேறொரு வயலுக்கு டிராக்டரைக் கொண்டுசென்றார். மண் பெட்டி சித்திரை வெயிலில் நான்கு மணி நேரம் நின்றது.

பிற்பகலில் திரும்பி வந்து மாட்ட முயன்றார். முனை கூட்டினுள் செல்ல மறுத்தது. துடைத்துப் பார்த்தார், திருகிப் பார்த்தார், முழங்காலால் அழுத்தியும் பார்த்தார். நாமோ மாலைக்குள் மண்ணைக் கொட்டிவிடும் எண்ணத்திலேயே இருந்தோம். “என்ன தம்பி, இன்னுமா? ஒரு தட்டுத் தட்டிப் பாரேன்” என்றோம். “இதோ சாமி” என்றவர், முனையிலுள்ள வால்வின்மேல் ஓர் ஆணியை வைத்துச் சுத்தியலால் தட்டினார். சீறும் ஓசையுடன் எண்ணெய் இழைபோலப் பாய்ந்தது. தம்பி கையை உதறிக் கைலியில் துடைத்துக்கொண்டார். இடக்கைச் சுட்டுவிரலின் அடியில் ஊசி குத்தியதுபோல் ஒரு புள்ளி, ஒரு துளி இரத்தம், வலியும் இல்லை. நாமும் மஞ்சள் வைத்தால் சரியாகிவிடும் என்றோம்.

நல்வாய்ப்பாக, ஊரின் பழைய மெக்கானிக் ஒருவர் அவ்வழியே வந்தார். புள்ளியைக் கண்டதும் அவர் முகம் மாறியது. “சாமி, இது குத்தினது இல்லை, எண்ணெய் உள்ளே போயிருக்கு. இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க” என்றார். போகும் வழியிலேயே விரல் வீங்கத் தொடங்கிற்று. அன்றிரவே மருத்துவர்கள் உள்ளங்கையைக் கீறி, தசைநார்களின் ஓரமாகப் பரவியிருந்த எண்ணெயைக் கழுவி எடுத்தனர். விரல் தப்பியது. ஆனால் இன்றும் அது முழுமையாக மடங்குவதில்லை. வெளிவராந்தாவில் அவருடைய தாயின் அருகே அமர்ந்திருந்த அவ்விரவு நமக்கு மறக்கவில்லை. எம்மீது அவர் ஒரு சொல்லும் குறைகூறவில்லை. அதுவே தாங்க முடியாததாயிருந்தது.

பின்னர் மெக்கானிக்கிடம் காரணத்தைக் கேட்டோம். “எஞ்சின் நின்னா எண்ணெயும் அடங்கிடுச்சுன்னு நினைக்கக் கூடாது சாமி” என்றார். காரின் டயரில் நாம் அடைக்கும் காற்று சுமார் 30 பவுண்டு. டிராக்டரின் ஹைட்ராலிக் எண்ணெயோ 2,000 பவுண்டுக்கு மேலும் அழுத்தம் கொள்ளும். தோலைத் துளைக்க 100 பவுண்டே போதும் என்பர். அதிலும் அடைபட்ட எண்ணெய் வெயிலில் விரிகிறது, விரிய இடமில்லை, மேலேயோ டன் கணக்கில் மண். முனையின் வால்வை உள்ளே தள்ள முடியாமைக்கு அதுவே காரணம். முனை நம்மிடம் முரண்டு செய்யவில்லை, எச்சரிக்கை செய்தது.

சரியான முறையை அவரிடமே கற்றோம். கழற்றுமுன் பெட்டியையோ கருவியையோ முழுமையாகத் தரையில் அல்லது தாங்கியில் இறக்க வேண்டும். எஞ்சினை நிறுத்த வேண்டும். பின்பு லிவரை இறக்கும் நிலையில் சிறிது நேரம் வைக்க வேண்டும். இரு ஹோஸ்கள் உள்ள கருவியாயின் இருபுறமும் அசைக்க வேண்டும். எஞ்சிய அழுத்தம் டிராக்டருக்குள் திரும்பிவிடும். அதன்பின் வளையத்தை இழுத்தால் முனை தானே கழன்று வரும். தூசு படியாதபடி மூடியிட்டு, ஹோஸை நிழலில் சுருட்டி வைக்க வேண்டும். மாட்டும்போது இரு பாகங்களையும் துடைத்து, ‘கிளிக்’ ஓசை கேட்கும்வரை அழுத்தி, ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும். அரைகுறையாகப் பூட்டினால் வால்வு பாதியில் மூடிக்கொள்ளும். உயர்ந்த பெட்டி இறங்காது நிற்கும். அப்போது முட்டுக்கொடுக்காமல் அதனடியில் செல்வது உயிருக்கே ஆபத்து. வெயிலில் இறுகிய முனையை அடிக்கக் கூடாது. ஹோஸின்மீதும் ஜாக்கியின்மீதும் நனைத்த கோணிச்சாக்கைப் போட்டுக் குளிரும்வரை காத்திருக்க வேண்டும். எண்ணெய் கசியும் இடத்தைக் கையால் தடவித் தேடாமல், ஓர் அட்டையைப் பிடித்துப் பார்க்க வேண்டும்.

அன்புப் பெற்றோரே, வயலிலிருந்து திரும்பும் மகன் கையில் ஒரு சிறு புள்ளியைக் காட்டி, “எண்ணெய் பட்டுவிட்டது” என்றால், வலியில்லையே என்று விட்டுவிடாதீர்கள். மஞ்சள் வேண்டாம், ஒத்தடம் வேண்டாம், விடியட்டும் என்னும் எண்ணமும் வேண்டாம். அழுத்த எண்ணெய் தோலுக்குள் புகுந்துள்ளது என்று மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். டீசல் எஞ்சினின் எரிபொருள் இவ்வாறு உடலில் ஊடுருவியதை மருத்துவ ஏடு 1937-இலேயே பதிவுசெய்துள்ளது. அறிவு இருந்தது, நம்மிடம் வந்து சேரவில்லை. அன்று நாம் ஒரு சாக்கை நனைத்துப்போட்டு அரைமணி நேரம் காத்திருந்திருந்தால், அந்த விரல் இன்றும் மடங்கும்.