முப்பதாவது ஆண்டின் கார்

பனி கரைந்து, குளிர்காலம் முழுக்க வீதியில் கொட்டிய உப்பை மழை கழுவிய பிறகுதான் அந்தக் கார் வெளியே வரும். பெரும்பாலும் மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை. நாங்கள் வேலைசெய்யும் உணவகத்தின் பின்கதவால் குப்பை கொட்டப் போகிறவனுக்குத்தான் முதலில் சத்தம் கேட்கும். "கிழவர் வந்திட்டார்" என்று உள்ளே வந்து சொல்வான். கோப்பை கழுவுகிறவன், மரக்கறி வெட்டுகிறவன், அடுப்படியில் நிற்பவன் என்று தமிழர் நாங்கள் மூன்று பேர். முறைவைத்துப் போய் எட்டிப் பார்ப்போம்.

வெள்ளைக் கார். முன்மூடியிலும் பின்புறத்திலும் அகன்ற செம்மஞ்சள் பட்டைகள். சில்லுகளும் வெள்ளை. முன்னிருக்கைகளில் தலை சாய்க்கும் இடத்தில் முப்பதாவது ஆண்டு என்று நூலால் பின்னியிருக்கிறது. செவ்ரோலே நிறுவனம் 1997 இல் வெளியிட்ட கமாரோவின் விசேட பதிப்பு. 1966 இல் போர்ட் மஸ்டாங்குக்குப் போட்டியாகச் சந்தைக்கு வந்த கார் இது. 1969 இல் இண்டியானாபொலிஸ் 500 மைல் ஓட்டத்தில் மற்றக் கார்களுக்கு முன்னே வழிகாட்டி ஓடிய கமாரோவுக்கும் இதே வெள்ளை, இதே செம்மஞ்சள். அந்த நினைவைத்தான் 1997 இல் மறுபடி பூசி விற்றார்கள்.

இந்த வகையை அமெரிக்கர் மசில் கார் என்பார்கள். சாதாரணத் தொழிலாளியும் வாங்கக்கூடிய ஒரு காருக்குள் தேவைக்கு மிஞ்சிய எஞ்சினைப் பூட்டுவது. குடும்பம் ஏற்றவும் உதவாது, பெற்றோல் மிச்சம் பிடிக்கவும் உதவாது. எங்களில் ஒருவன் பேராதனையில் பொறியியல் இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு வந்தவன். கிழவர் முன்மூடியைத் திறந்து காட்டிய அன்று அவனுக்கு வாய் ஓயவில்லை. எட்டு சிலிண்டர், 5.7 லீற்றர், 285 குதிரைவலு. வழக்கமான எஞ்சினில் குளிர்நீர் முதலில் சிலிண்டர்களைச் சுற்றிப் போய்ப் பிறகுதான் மேலே தலைப்பகுதிக்கு ஏறும். இதில் முதலில் தலைக்கு. தலை குளிர்ந்திருந்தால் அழுத்தத்தைக் கூட்டலாம், வலுவும் கூடும் என்று விளக்கினான். "அப்ப எங்கட முதலாளியும் இதைத்தான் செய்யிறார். மைனஸ் இருபதிலை பின்கதவைத் திறந்து விட்டிட்டு, இன்னும் கெதியா வெட்டு எண்டுறார்" என்றான் மற்றவன்.

இவ்வளவு அமெரிக்கத்தனமான ஒரு சாமானைக் காட்டி, கிழவர் ஒருநாள் காலால் தார் நிலத்தைத் தட்டி, "இது இஞ்சை செய்தது" என்றார். எங்களுடைய ஓட்டைப் பிரெஞ்சில் ஏதோ பிழை என்று இரண்டாந்தரமும் கேட்டோம்.

பிழை இல்லை. மொன்றியலுக்கு வடக்கே 15 ஆம் இலக்க நெடுஞ்சாலையோரம் ஜெனரல் மோட்டர்ஸின் சென்ற்-தெரேஸ் தொழிற்சாலை 1960 களின் நடுப்பகுதியிலிருந்து இயங்கியது. 1993 ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து கமாரோவும் அதன் உடன்பிறப்பான பொன்ரியாக் பயர்பேர்டும் இங்கேதான் பூட்டப்பட்டன. விற்பனை விழுந்தது. 2002 ஓகஸ்டில் மூடினார்கள். கியூபெக்கின் கடைசிக் கார்த் தொழிற்சாலை அது. இடித்து வெளியாக்கிய காணியில் போபூர் புவாபிரியான் என்ற கடைத்தொகுதி எழும்பியது. கடைகள், உணவகங்கள், பரந்த கார்த் தரிப்பிடம். நாங்கள் கோப்பை கழுவுவது அந்தத் தொழிற்சாலை இருந்த நிலத்தில்.

கிழவர் கதவு பூட்டுகிற வரிசையில் நின்றவராம். தன்னுடைய இடம் இந்தத் தரிப்பிடத்தில் எங்கோதான் என்கிறார். வெளிச்சக் கம்பங்களை எண்ணி நடந்து பார்க்கிறார். ஒவ்வொரு வருடமும் வேறொரு இடத்தில் போய் நிற்கிறார். எங்களில் மயிலிட்டிக்காரன் மட்டும் சிரிக்காமல் அவருக்குப் பின்னால் போனான். 2017 இல் மயிலிட்டித் துறைமுகத்தையும் அதை அண்டிய காணிகளையும் இராணுவம் விட்டபோது, 27 வருடத்துக்குப் பிறகு அவனுடைய அம்மா வீடு பார்க்கப் போனா. வீடு இல்லை, வேலி இல்லை, ஒழுங்கை இல்லை. கிணற்றை வைத்துத்தான் இடத்தைப் பிடித்தா. கிழவருக்குக் கிணறும் இல்லை.

இதுவரைக்கும் எங்களுக்கு விருப்பமான கதை. ஊரை இழந்த நாங்கள், வேலைத்தலத்தை இழந்த அவர், நடுவில் ஒரு கார். "கமாரோவும் ஒரு அகதிதான்" என்று இரவு பஸ்ஸில் சொல்லிச் சிரிப்போம். அந்தப் பேச்சின் ருசியில்தான் மேலும் தேடிப் பார்த்தோம்.

கமாரோ முதலில் ஒகாயோ மாநிலத்து நோர்வூட்டிலும் கலிபோர்னியாவின் வான் நைஸிலும் செய்யப்பட்டது. நோர்வூட்டை 1987 இல் மூடினார்கள். வான் நைஸில் கறுப்பர்களும் மெக்சிக்க வம்சாவளியினரும் பெருமளவில் வேலைசெய்தார்கள். தொழிற்சாலையை மூடினால் லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் ஜெனரல் மோட்டர்ஸ் கார்களையே புறக்கணிப்போம் என்று 1980 களில் தொழிலாளரும் ஊர்ச்சனமும் சேர்ந்து இயக்கம் நடத்தினார்கள். அதனால் சில வருடங்கள் தப்பியது. 1992 ஓகஸ்டில் அதுவும் மூடப்பட்டது. கமாரோ சென்ற்-தெரேஸுக்கு வந்தது அப்படித்தான். வான் நைஸ் காணியிலும் இன்று ஒரு கடைத்தொகுதி. அங்கேயும் ஒரு சமையலறை இருக்கும், அதில் எங்களைப் போல யாராவது நிற்பார்கள்.

கிழவரிடம் கேட்டோம். கேட்டிருக்க வேண்டாமோ என்று பிறகு தோன்றியது. அவர் சிகரெட்டை முடிக்கும்வரை பேசவில்லை. "தெரியும். பேப்பரிலை வந்தது. அவையின்ரை படமும் வந்தது. கார் எங்களுக்கு வருகுது எண்டு தெரிஞ்ச அண்டைக்கு நாங்கள் பியர் குடிச்சனாங்கள்" என்றார். பிறகு, "எங்களுக்கும் வேலை வேணும்தானே" என்றார்.

அன்று இரவு பஸ்ஸில் மயிலிட்டிக்காரன் அதுவரை சொல்லாததைச் சொன்னான். 1990 ஜூனில் ஊரைவிட்டு ஓடிய அவனுடைய குடும்பம் பள்ளிக்கூடம், உறவுக்காரர் வீட்டு விறாந்தை என்று அலைந்து, வருடக் கடைசியில் யாழ்ப்பாணம் சோனகதெருவில் ஒரு வெறும் வீட்டுக்குள் குடிபுகுந்தது. அந்த ஒக்ரோபர் கடைசியில் புலிகள் முஸ்லிம் சனங்களைச் சில மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றியதால் வெறுமையான வீடு. 1995 இடப்பெயர்வுவரை அங்கேதான் இருந்தார்கள். முற்றத்தில் ஒரு மருதோன்றி மரம். அக்கா இலை பறித்து அரைத்து இவனுடைய கையிலும் வைத்துவிடுவாவாம். "வீடு கிடைச்ச அண்டைக்கு அம்மா பொங்கினவ" என்றான்.

நிறுவனம் ஒன்று தொழிற்சாலையை மூடுவதும், ஒரு சனத்தை ஆயுதம் காட்டித் துரத்துவதும் ஒன்றல்ல. அது எங்களுக்குத் தெரியும். மயிலிட்டிக்காரனின் தாய் யாரையும் துரத்தவில்லை, கிழவரும் துரத்தவில்லை. ஆனால் அந்தப் பியரும் இந்தப் பொங்கலும் எங்களுக்கு ஒன்றாகவே தெரிந்தன. 1997 இல் முப்பது வருடத்தை நூலால் பின்னியவர்கள், வான் நைஸ் மூடிய ஐந்தாவது வருடமும் அதுதான் என்று எங்கேயும் பின்னவில்லை. எங்கள் வீடுகளில் தொங்கும் கலண்டர்களிலும் எங்களுக்கு நடந்தவற்றுக்குத்தான் சிவப்புக் குறி இருக்கிறது.

சென்ற்-தெரேஸுக்குப் பிறகும் கமாரோ ஓரிடத்தில் நிற்கவில்லை. 2009 இல் ஒன்ராறியோவின் ஒஷாவாவுக்கு வந்தது, 2015 இல் மிச்சிகனின் லான்சிங்குக்குப் போனது, 2023 டிசம்பரில் உற்பத்தியே நின்றது.

போன ஒக்ரோபரில் காரைக் குளிர்காலத்துக்கு மூடிவைக்குமுன் கிழவர் எங்கள் மூவரையும் ஏற்றித் தரிப்பிடத்தை ஒருதரம் சுற்றினார். பின்னிருக்கையில் முழங்கால் நெஞ்சில் முட்டியது. இங்கே இது, அங்கே அது என்று கையால் காட்டிக்கொண்டு வந்தார். காட்டிய இடமெல்லாம் கடைகள். நாங்கள் ஓம், ஓம் என்றோம்.

இறங்கி வரும்போது மயிலிட்டிக்காரனிடம் அந்தச் சோனகதெரு வீட்டுக்காரரின் பெயர் என்ன என்று கேட்டோம். அவனுக்குத் தெரியாது. ஐந்து வருடம் இருந்த வீடு. ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு ரெலிபோன் எடுக்கும்போது கேட்கிறேன் என்றான். அவன் சொல்லிப் பல ஞாயிற்றுக்கிழமைகள் போய்விட்டன. நாங்களும் திருப்பிக் கேட்கவில்லை.