மணியும் யாமும்

நம் கல்லூரியின் யூபிலி மலருக்குக் கட்டுரை ஒன்று அனுப்புமாறு பழைய மாணவர் சங்கத்தார் எம்மைப் பணித்தனர். தமிழாசிரியரிடம் கேட்டமையின், சங்க இலக்கியம் பற்றியோ சைவசித்தாந்தம் பற்றியோ ஏதேனும் வருமென அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். யாமோ ஒரு நாய்க்குட்டியைப் பற்றி எழுதத் துணிந்துள்ளோம். அதிலும், அக்குட்டி வீட்டினுள் சிறுநீர் கழியாதிருக்கப் பழகிய வரலாற்றையே எழுதுகின்றோம். இஃது யூபிலி மலருக்கு ஏற்ற பொருளோ என முகஞ்சுளிக்கும் அன்பர்கள் இறுதிவரை பொறுத்துப் படிப்பார்களாக. கல்லூரிக்கு யாம் பட்டுள்ள பழங்கடன் ஒன்று இதனுள் அடங்கியுள்ளது.

யாம் இப்போது குடியிருப்பது புத்தளம் மாவட்டத்துக் கற்பிட்டிக் குடாநாட்டிலுள்ள பள்ளிவாசல்துறையில். ஊர்ப்பெயரிலேயே பள்ளிவாசலும் உண்டு, துறையும் உண்டு. மணற்பாங்கான நிலம், தென்னஞ்சோலை, உப்புக் காற்று, ஐவேளையும் தவறாது கேட்கும் பாங்கோசை என்பன இவ்வூரின் அடையாளங்கள். எம் வாடகை வீட்டிற்கும் அயல்வீட்டிற்கும் இடையே நிற்பது ஒரு கிடுகுவேலி மாத்திரமே.

அவ்வயல்வீட்டில் மூதாட்டி ஒருவர் தம் மகனோடு வாழ்கின்றார். ஊரார் அவரை உம்மம்மா என அழைப்பர். யாமும் அவ்வாறே அழைக்கின்றோம். 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம் மக்களை வெளியேற்றியபோது, மன்னாரிலிருந்து படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கியோருள் அவரும் ஒருவர். அவர் வீடிழந்து வந்த அதற்கு அடுத்த ஆண்டில் யாம் வடபுலத்தில் நம் கல்லூரி விடுதிச்சாலையில் ஆறாம் வகுப்பு மாணவராய்ச் சேர்ந்தோம். அயலுறவு என்பது எத்துணை எளிதில் முறியக்கூடியது என்பதை அவருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அத்தகைய ஒருவர் எம்மிடம் காட்டிய அன்பை யாம் பெரும்பேறாகவே கருதியிருந்தோம். நாள்தோறும் காலையில் வேலியருகே நின்று, “புள்ள பள்ளிக்குப் போயிட்டாவா சேர்?” என்று எம் மகளைப் பற்றி வினவுவார்.

இந்நிலையில், இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், உடப்பிலுள்ள நண்பர் ஒருவர் எம் மகளுக்கு இரண்டு மாதக் குட்டி ஒன்றைப் பரிசாக அளித்தார். பொமரேனியன் சாதி என்றார். பால்டிக் கடலின் தென்கரையில், இன்றைய ஜேர்மனிக்கும் போலந்துக்கும் உரிய பொமரேனியா என்னும் நிலப்பகுதியின் பெயர் பெற்ற சாதி அது. விக்டோரியா மகாராணியார் 1888ஆம் ஆண்டு இத்தாலிக்குச் சென்றபோது இச்சிறு நாயொன்றை விரும்பிக் கொண்டுவந்த பின்னரே அதன் புகழ் பெருகிற்று. குளிர்நாட்டிற்கென அமைந்த அடர்ந்த மயிரோடு எம் வீட்டு மணலில் வந்திறங்கிய அது, உரித்த தேங்காய் ஒன்றின் அளவே இருந்தது. மகள் அதற்கு மணி எனப் பெயரிட்டாள்.

மணி வந்த நாளிலேயே தரை நனையத் தொடங்கியது. உடல் சிறிதாயின் சிறுநீர்ப்பையும் சிறிதாகவே இருக்கும். குட்டியின் வயதை மாதத்தில் எண்ணி, அதனோடு ஒன்றைக் கூட்டினால், பகலில் அது பொறுக்கக்கூடிய மணி நேரம் வரும் என்பர். அஃது உத்தேசக் கணக்கே. சிறுசாதிக் குட்டிகள் அவ்வளவும் பொறுப்பதில்லை. இதனை யாம் அப்போது அறிந்திலோம். பெரிய நாய் தரையை நனைத்தால் வீடே எழுந்து நிற்கும். சிறுகுட்டி ஒரு கரண்டி நீர் விட்டால் துணியால் துடைத்துவிட்டு மறந்துவிடுகின்றோம். சிறுசாதி நாய்கள் பல இறுதிவரை பழகாமற் போவதற்கு அவற்றின் அறிவுக்குறை காரணமன்று. வளர்ப்போரின் அசட்டையே காரணம்.

அந்த அசட்டையின் பயன் மூன்றாம் வாரத்தில் விளைந்தது. ஆவணி மாதத்துக் கடும் வறட்சியில் ஒருநாள் மணி வேலிக்கீழ் நுழைந்து, உம்மம்மா திண்ணையில் விரித்திருந்த தொழுகைப்பாயை நனைத்துவிட்டது. நாயின் ஈரம் பட்ட பொருளை ஏழு முறை கழுவவேண்டும், அவற்றுள் ஒரு முறை மண் கலந்த நீராற் கழுவவேண்டும் என்பது இவ்வூரார் பின்பற்றும் ஷாபி மத்ஹபின் விதி. யாம் செய்தி அறிந்து ஓடியபோது, அம்முதியவர் வற்றிய கிணற்றிலிருந்து வாளி வாளியாக நீரள்ளிக் கழுவிக்கொண்டிருந்தார். நீர் அள்ளித்தர முன்வந்தோம், கையசைத்து மறுத்தார். புதிய பாய் வாங்கித் தருவோமென்றோம், விடையில்லை. மறுநாட் காலையில் அவர் வேலியருகே வரவில்லை. மகளைப் பற்றி வினவவுமில்லை.

எமக்குண்டான வெட்கம் சினமாக மாறியது. ஈர்க்குகளைச் சேர்த்துக் கட்டி, மணி தரையை நனைத்த போதெல்லாம் அதன் மூக்கை ஈரத்திலே தேய்த்து அடித்தோம். நான்கு நாளில் தரை உலர்ந்திருக்கக் கண்டு எம் திறமையை யாமே வியந்தோம். ஐந்தாம் நாள் அறையில் நாற்றம் எழுந்தது. நன்னூலும் நிகண்டும் அடுக்கியிருந்த அலுமாரியை நகர்த்திப் பார்த்தால், அதன் பின்புறம் முழுவதும் ஈரம். வீட்டை நனைக்கலாகாது என்பதை மணி கற்கவில்லை. எம் கண்ணெதிரே நனைக்கலாகாது என்பதையே கற்றிருந்தது. அதனினும் கேடு ஒன்று விளைந்திருந்தது. முற்றத்திற்குக் கொண்டுசென்றாலும் எம்மைக் கண்டு நடுங்கி, சிறுநீரை அடக்கிக்கொண்டு நின்றது.

நன்னூலிற் பவணந்தி முனிவர் மாணாக்கர்க்கு அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என எட்டு உவமை கூறினார். அவ்வரிசையில் நாய் இல்லை. நாயைக் கூறியிருப்பின், கற்பித்ததைக் கொள்ளாது கற்பித்தவரின் குணத்தையே கொள்ளும் மாணாக்கனுக்கு அதனை உவமையாக்கியிருக்கலாம் போலும் என்று அன்று எண்ணினோம்.

அன்று மாலையே உம்மம்மாவின் மகன் வேலியருகே வந்தார். கடற்றொழில் செய்பவர், யாம் அவரை நாநா என அழைப்போம்.

“நாங்க நாய் வளக்கிறல்ல சேர். ஆனா ஒண்டு கேக்கிறன். அடிச்சா அது உங்களுக்குத்தானே பயப்படும்? தரைக்குப் பயப்படுமா?” என்றார். யாம் வாளாவிருந்தோம். அவரே மீண்டும், “உம்மாவுக்குப் பாயில ஒரு கோவமும் இல்ல. குட்டி அழுகிற சத்தம் கேக்க ஏலாமத்தான் இந்தப் பக்கம் வாறல்ல. தாகத்துல கெடந்த நாய்க்குத் தண்ணி குடுத்த பொம்புளட பாவத்த அல்லா மன்னிச்சான் எண்டு எங்களுக்குச் சொல்லிச் சொல்லி வளத்தவங்க அவங்க” என்றார்.

அவரது மௌனம் பாயின் பொருட்டன்று, எம் ஈர்க்கின் பொருட்டே என்பதை அப்போதுதான் அறிந்தோம். தலைகுனிந்தோம்.

வெட்கத்திற்கு மற்றொரு காரணமும் உண்டு. யாம் ஆசிரிய கலாசாலையிற் பயின்று சான்றிதழ் பெற்றவர். தோண்டைக் என்னும் அமெரிக்க உளவியலார் பூனைகளைக் கூட்டில் அடைத்துச் செய்த சோதனைகளை 1898ஆம் ஆண்டில் வெளியிட்டதையும், இன்பந்தரும் விளைவு செயலை உறுதிப்படுத்தும், துன்பந்தரும் விளைவு தளர்த்தும் என அவர் விதி வகுத்ததையும் பரீட்சைத்தாளில் எழுதித் தேறியிருந்தோம். அவரே 1930களில் அவ்விதியின் பிற்பாதியைத் திருத்தி, பரிசு உறுதிப்படுத்துமளவிற்குத் தண்டனை தளர்த்துவதில்லை என ஒப்புக்கொண்டார் என்பதையும் படித்திருந்தோம். படித்தது தாளில் இருந்தது. கையிலோ ஈர்க்கு இருந்தது.

மறுநாள் புதிதாகத் தொடங்கினோம். அம்முறையைக் குட்டி வளர்க்கும் அன்பர்க்குப் பயன்படுமெனக் கருதி ஈண்டுக் கூறுகின்றோம். உணவை நேரந்தவறாது கொடுத்தோம். நேரத்திற்கு உண்பது நேரத்திற்குக் கழியும். துயில் எழுந்தவுடனும், உண்டு கால்மணி நேரத்திலும், விளையாடி முடித்தவுடனும், இடையில் இரண்டு மணிக்கொரு முறையும் வளவின் ஒரே மூலைக்கு அதனை ஏந்திச் சென்றோம். அவ்விடம் கிணற்றுக்கு எட்டத்தில் இருக்குமாறு தெரிந்துகொண்டோம். இக்குடாநாட்டு மணல் நீரை விரைந்து உள்வாங்குவது. மேலே விடுவது கிணற்றை அடையும். மலத்தை அன்றன்றே அள்ளிக் குழியிற் புதைத்தோம்.

மூலையில் அது சிறுநீர் கழித்த அக்கணமே, “நல்ல பிள்ளை” என்று சொல்லி, அவித்த மீன் துணுக்கொன்று கொடுத்தோம். சற்றே தாமதித்துக் கொடுத்தாலும், எதற்குப் பரிசு பெற்றோம் என்பதைக் குட்டி அறியாது. வீட்டினுள் நனைத்துவிட்டாற் சினவாமல், வினாகிரி கலந்த நீராற் கழுவினோம். பழைய நாற்றமே அவ்விடத்திற்கு மீண்டும் வழிகாட்டுவது ஆதலின், நாற்றம் போகும்வரை கழுவினோம். எம் கண்பார்வையில் இல்லாத நேரத்தில் அதனைச் சிறு அடைப்பொன்றில் விட்டோம்; தான் துயிலும் இடத்தை நனைக்க நாய் இயல்பாகவே விரும்பாது. மூன்று மாதம் நிறைந்ததும் விசர்நாய்க்கடித் தடுப்பூசி இடுவித்தோம். வேலியின் அடிப்பகுதியையும் பலகை வைத்து அடைத்தோம்.

இவை யாவினும் அரிதாயிருந்தது இரவுப்பணியே. பதினொரு மணிக்கு ஒருமுறையும், விடியுமுன் ஒருமுறையும் குட்டியை எழுப்பி வெளியே கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. அவ்வாறு ஓர் இரவு, உறக்கம் கலையாத மணியை மார்போடு அணைத்து, கையில் விளக்குடன் பின்படியில் இறங்கியபோது, எம் கால்கள் திடீரென நின்றன. அந்தப் படியிறக்கத்தை யாம் முன்னரே அறிந்திருந்தோம்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எவரிடமும் கூறாத ஒன்றை இப்பக்கத்திற் கூறத் துணிகின்றோம். 1991இல் விடுதிச்சாலைக்கு வந்தபோது யாம் வீட்டைப் பிரிந்த ஏக்கத்தாற் பாயை நனைக்கும் பிள்ளையாய் இருந்தோம். முதல் வாரத்தில், ஒருநாள் விடியற்காலையில், நனைந்த பாயின்மேல் அசையாது கிடந்தோம். மற்றவர் எழுந்தவுடன் எம் வாழ்வு முடிந்துவிடும் என்றே எண்ணினோம். விடுதிச்சாலை மேற்பார்வையாளராயிருந்த ஆசிரியர் எப்படியோ அறிந்து வந்தார். ஒரு சொல்லும் பேசாமல் பாயைச் சுருட்டி எடுத்துச் சமையற்கட்டின் பின்னே உலரவிட்டார்; வேறு பாய் விரித்தார். மற்றவர் எழுந்தபோது எல்லாம் வழமைபோல் இருந்தது.

அன்றிரவு முதல், பதினொரு மணியளவில் எம் தோளில் ஒரு கை படும். “தம்பி, எழும்பு” என்னும் மெல்லிய குரல் கேட்கும். மின்சாரம் இல்லாத, மண்ணெண்ணெய் பொன்னாக விற்ற நாள்கள் அவை. ஜாம் போத்தலிற் செய்த சிறுவிளக்கைக் கையால் மறைத்தபடி அவர் முன்னே செல்வார். யாம் பின்படியில் இறங்குவோம். எத்தனை இரவுகள் எழுப்பினார் என எண்ணவில்லை. ஓரிரவு அவர் வருமுன்னே யாமே விழித்துக் கதவருகே நின்றோம். அவர் விளக்கை உயர்த்தி எம் முகத்தைப் பார்த்தார். “சரி” என்றார். அதற்குமேல் அதைப் பற்றி அவர் ஒருபோதும் பேசியதில்லை. அவருடன் இருந்த பிள்ளைகளுள் இன்னும் எத்தனை பேரை அவ்வாறு எழுப்பினாரோ, யாமறியோம். அவர் இறந்து பல ஆண்டுகள் ஆயின. யாம் நன்றி கூறியதேயில்லை. கூறுவதாயின் செய்தியையும் கூறவேண்டுமே என்னும் நாணம் எம்மைத் தடுத்தது.

இவ்வாறு காக்கப்பட்ட ஒருவரே பிற்காலத்தில் ஈர்க்கை எடுத்தோம் என்பதுதான் எம்மை உறுத்துவது. குட்டிக்கு மட்டுமன்று; வகுப்பறையிலும் பிரம்பெடுத்த காலம் எமக்கு உண்டு. பாடசாலையில் உடற்றண்டனையைத் தடுத்துக் கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டிலும், மீண்டும் 2016ஆம் ஆண்டிலும் சுற்றறிக்கை விடுத்தது. சுற்றறிக்கைக்கு அஞ்சிப் பிரம்பை அலுமாரியில் வைத்தோம். மணி வந்த பின்னரே அதனை அடுப்பில் வைத்தோம். வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை கொப்பியை மறைப்பது எதனால் என்பதை, அலுமாரியின் பின்புறத்தைக் கண்ட பிறகு எமக்கு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மணி முற்றிலும் பழக ஆறு மாதம் சென்றது. இடையிடையே தவறியது, மழைக்காலத்தில் ஈரமணலில் இறங்க மறுத்து மீண்டும் தவறியது. யாம் அதனை ஏந்திச் சென்றுகொண்டேயிருந்தோம்.

உம்மம்மா இன்றும் மணியைத் தொடுவதில்லை. அவர்தம் ஒழுக்கம் அது. மணியும் வேலியைத் தாண்டுவதில்லை. ஆயினும் சென்ற மாதம் ஒருநாள் மாலை, யாம் விடைத்தாள் திருத்துவதில் மூழ்கியிருந்தபோது, வேலிக்கு அப்பாலிருந்து அவர் குரல் கேட்டது.

“சேர், மணி கதவடியில நிக்குது. தொறந்து விடுங்க. பாவம், எவ்வளவு நேரம் அடக்கும்?”

எழுந்து கதவைத் திறந்தோம்.