கைக்கும் எட்டலை, காலுக்கும் எட்டலை

ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரலை மக்களே. ஆபீஸ்ல ஆணி அதிகம். ஒரு ரிலீஸ் முடிஞ்சு மூச்சு விடறதுக்குள்ள அடுத்த ரிலீஸ். "அது மட்டும்தான் காரணமா?"ன்னு தங்கமணி பின்னாடி நின்னு கேக்கறாங்க. இல்லைதான். போன ரெண்டு மாசமா ஒரு மரப்பலகையோட மல்லுக்கட்டிட்டு இருந்தேன். அந்தக் கதைதான் இது. கொஞ்சம் நீளம். காபி போட்டுட்டு வந்து உக்காருங்க.

டல்லாஸ் பக்கம் பொட்டி தட்ட வந்து நாலு வருஷம் ஆச்சு. வந்த புதுசுல ஒரு சனிக்கிழமை ராத்திரி, டீம்ல ஒருத்தன் ஒரு டான்ஸ் ஹாலுக்கு இழுத்துட்டுப் போனான். தொப்பியும் பூட்ஸுமா ஜோடி ஜோடியா ஆடிட்டு இருந்தாங்க. மேடை ஓரத்துல ஒரு பெரியவர், இஸ்திரி மேஜை மாதிரி ஒண்ணுக்குப் பின்னாடி ஆடாம அசையாம உக்காந்திருந்தார். அதுலேருந்து ஒரு சத்தம் வந்துச்சு பாருங்க. வயலினும் இல்லை, வீணையும் இல்லை. யாரோ மெல்ல அழுதுட்டே பாடற மாதிரி. ஆட்டத்தை மறந்துட்டு மூணு மணி நேரம் அந்த மனுஷரோட காலையே பாத்துட்டு இருந்தேன். அதுதான் பெடல் ஸ்டீல் கிட்டார்.

தெரியாதவங்களுக்கு ஒரு குட்டி கிளாஸ். தெரிஞ்சவங்க ரெண்டு பத்தி தாண்டிக்கலாம்.

கிட்டாரைப் படுக்க வெச்சு நாலு கால் மாட்டின மாதிரி இருக்கும். வழக்கமா 10 கம்பி. இடது கையில ஒரு உருளையான இரும்புத் துண்டு, அதைக் கம்பி மேல வழுக்கிட்டே போகணும். வலது கையில கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூணுலயும் பிக் மாட்டியிருக்கும். இடது பாதத்துக்கு மூணு பெடல். மூணாவது கட்டத்துல இரும்பை வெச்சா ஜி கார்ட். அதை நகர்த்தாமலே முதல் ரெண்டு பெடலையும் சேர்த்து மிதிச்சா அது சி கார்டா வழுக்கி மாறும். இது போதாதுன்னு ரெண்டு முட்டிக்கும் சேர்த்து நாலஞ்சு லீவர், ஒவ்வொண்ணும் ஏதோ ஒரு கம்பியை ஏத்தும் இல்லை இறக்கும். மிச்சம் இருக்கறது வலது பாதம். அது வால்யூம் பெடலுக்கு. தட்டும்போது பாதி மூடி வெச்சு, நாதம் தேயத் தேய மெல்லத் திறந்துட்டே போகணும். அந்த அழுகை நிக்காம நீள்றதுக்கு இதுதான் காரணம்.

1954-ல வெப் பியர்ஸோட 'ஸ்லோலி' பாட்டு ஹிட் ஆச்சு. அதுல பட் ஐசக்ஸ் நாதம் ஒலிச்சிட்டு இருக்கும்போதே பெடலை மிதிச்சு, ஒரு கம்பியை நிறுத்தி வெச்சு இன்னொண்ணை மட்டும் நழுவ விட்டார். கேட்ட ஸ்டீல் வாசிக்கறவங்க எல்லாம் தங்களுக்கும் பெடல் வேணும்னு கிளம்பிட்டாங்க. கை, கால், முட்டி எல்லாம் இப்படி பிஸியாகிப் போக, பீட் டிரேக் 1964-ல 'ஃபாரெவர்'ங்கற பாட்டுல வாயையும் விடலை. ஸ்டீலோட சத்தத்தை ஒரு குழாய் வழியா வாய்க்குள்ள கொண்டு போய், ஸ்டீலையே பேச வெச்சார்.

ஆச்சா? இப்ப பிரச்சினை என்னன்னா, சாதாரண கிட்டார்காரங்க எஃபெக்ட் பெட்டிகளைத் தரையில வரிசையா அடுக்கி, பாட்டுக்கு நடுவுல காலால ஒரு தட்டு தட்டிட்டுப் போயிடுவாங்க. டிலே வேணுமா, தட்டு. ஓவர்டிரைவ் வேணுமா, தட்டு. ஸ்டீல்காரன் எந்தக் காலை எடுப்பான்? எனக்கு இது புரிய ஒரு மானக்கேடு தேவைப்பட்டுச்சு.

அந்த டான்ஸ் ஹால் தாத்தா இருக்காரே, இடுப்பு ஆபரேஷனுக்கு அப்புறம் வலது காலை வால்யூம் பெடல்ல வெச்சு உக்கார முடியாமப் போயிடுச்சு அவருக்கு. பல வருஷம் வாசிச்ச ஸ்டீலை எனக்குத்தான் கொடுத்தார், அதுவும் பாதி விலைக்கு. "இதை மூலையில வெச்சுடாதே தம்பி" அப்படிங்கறதுதான் மிச்ச விலை. ஒன்றரை வருஷம் அவர்கிட்டயே கத்துக்கிட்டேன். அவர் இருந்த பேண்டுலயே அவர் இடத்துல உக்கார ஒரு வாய்ப்பும் வந்துச்சு.

நம்ம ஆளுதான் இன்ஜினியராச்சே, சும்மா இருப்பானா? ஒரு டிலே, ஒரு ரிவெர்ப், ஒரு ஓவர்டிரைவ் வாங்கி, வால்யூம் பெடலுக்கு வலது பக்கம் தரையில வெச்சேன். வீட்டுல சாக்ஸ் போட்டுட்டு வாசிக்கும்போது பிரமாதமா இருந்துச்சு.

மேடையில ஒரு மெதுவான வால்ட்ஸ். எனக்கு எட்டு பார் சோலோ. முன் வரிசையில தாத்தா. டிலேயை ஆன் பண்ண வலது காலை வால்யூம் பெடல்லேருந்து எடுத்தேன். அங்கேருந்து வரிசையா நடந்தது இது:

ஒண்ணு, கால் போனதும் நாதத்தைத் தாங்கிப் பிடிக்க ஆள் இல்லை, பாதியிலயே செத்துப் போச்சு. ரெண்டு, பாதம் வலப்பக்கம் திரும்பினதும் முட்டியும் கூடவே போய் லீவர்ல இடிச்சு சுதி நழுவிடுச்சு. மூணு, பூட்ஸ் நுனி டிலேயோட ரிபீட்ஸ் குமிழை ஒரேயடியா கடைசிக்குத் திருப்பிடுச்சு.

விளைவு? சுதி தப்பின அந்த ஒரே ஒரு சத்தம் திரும்பத் திரும்ப, ஒவ்வொரு தடவையும் முன்னை விடப் பெருசா வந்துட்டே இருந்துச்சு. பதறிப் போய் வால்யூம் பெடலை முழுசா மூடினேன். நிக்கலை. எப்படி நிக்கும்? டிலே இருந்தது வால்யூம் பெடலுக்கு அப்புறம். எதிரொலி இயல்பாத் தேயட்டும்னு நான்தான் அப்படி மாட்டியிருந்தேன். குழாயை மூடினா, ஏற்கெனவே தொட்டியில விழுந்த தண்ணி திரும்பி வருமா? கடைசியில எழுந்து ஓடிப் போய் ஆம்ப்ளிஃபயரை அணைச்சேன். ஆடிட்டு இருந்த ஜோடிங்க எல்லாம் அப்படியே நின்னு என்னைப் பாத்தாங்க.

பேண்ட் தலைவர் தனியாக் கூப்பிட்டு ரொம்ப மரியாதையாச் சொன்னார், "அடுத்த மாசம் ஒரு சனிக்கிழமை பாப்போம். அதுவும் இப்படின்னா வேற ஆள் பாத்துக்கறோம்." திட்டியிருந்தாக் கூடத் தேவலை. தாத்தா ஒரு வார்த்தை பேசலை. அதுதான் இன்னும் வலிச்சுது. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. ஸ்டீலை வித்துடலாமான்னு கூட யோசிச்சேன்.

மறுநாள் மத்தியானம் அவரே வந்தார். எஃபெக்ட் எல்லாத்தையும் தூக்கிப் போடச் சொல்லுவார்னு நினைச்சேன். "உக்காரு, கண்ணை மூடிட்டு வாசி"ன்னார். வாசிச்சேன். ஒரு வரி முடிஞ்சதும், "நிறுத்து, கையை நகர்த்தாதே"ன்னார். வலது கை கம்பிக்கு ஒரு சாண் மேல, ஸ்டீலோட வலது ஓரத்துல காத்துல நின்னுட்டு இருந்துச்சு. பத்து தடவை பண்ணினோம். எட்டு தடவை கை அதே இடத்துக்குத்தான் வந்துச்சு.

"வரிக்கும் வரிக்கும் நடுவுல சும்மா இருக்கற ஒரே உறுப்பு இதுதான் தம்பி. இது இருக்கற இடத்துக்குப் பெட்டியைக் கொண்டு வா. பெட்டி இருக்கற இடத்துக்கு உடம்பைக் கொண்டு போகாதே."

இன்ஜினியரிங்ல நாலு வருஷம் படிச்சும் இந்த ஒரு வரி எனக்கு ஏன் தோணலைன்னு தெரியலை.

அப்புறம் ஆரம்பிச்சது பலகை வேட்டை. சமையலறையில காய் வெட்டற மூங்கில் பலகை கன கச்சிதமா இருந்துச்சு. ஸ்டீலோட வலது முன்கால்ல, கீழ இருக்கற பெடல் கம்பியில இடிக்காம, மேல தள்ளி மைக் ஸ்டாண்ட் கிளாம்ப் ஒண்ணை மாட்டி அது மேல பலகையைத் திருகினேன். கம்பி மட்டத்தை விட நாலு விரல் தாழ்வா, என் பக்கம் கொஞ்சம் சாய்வா. வெல்க்ரோ ஒட்டி மூணு பெட்டி. "ஏங்க, வெண்டைக்காய் வெட்டற பலகை எங்க?"ன்னு மறுநாள் காலையில குரல் வந்தப்ப நான் மீட்டிங்ல இருக்கற மாதிரி நடிச்சேன்.

முதல் சோதனை ஃபெயில். பிக் மாட்டின விரலால ஸ்விட்சை அழுத்தினா வழுக்குது. பலமா அழுத்தினா பலகையோட சேர்ந்து ஸ்டீலே ஆடுது. யோசிச்சுப் பாத்தா, நாதத்தை அடக்க உள்ளங்கை ஓரத்தைத்தான் எப்பவும் பயன்படுத்தறோம். அதாலயே ஸ்விட்சை அழுத்திப் பாத்தேன். வழுக்கல் போச்சு. பலகைக்கு அடியில ஒரு முட்டு கொடுத்ததும் ஆட்டமும் நின்னுச்சு. குமிழைத் திருப்ப மோதிர விரலும் சுண்டு விரலும் இருக்கு, அதுல பிக் கிடையாது. இருட்டுல அளவு தெரியணும்னு தங்கமணியோட நெயில் பாலிஷால வெள்ளைப் புள்ளி வெச்சேன். (அதுக்கும் தனியா வாங்கினேன், அது வேற கதை.)

ஒயர் விஷயமும் உண்டு. ஸ்டீல்லேருந்து நேரா ஓவர்டிரைவ், அங்கேருந்து கீழ வால்யூம் பெடல், மறுபடி மேல ஏறி டிலே, ரிவெர்ப், கடைசியா ஆம்ப்ளிஃபயர். ஸ்டீலோட ஜாக்கும் வலது பக்கமே இருக்கறதால முதல் ஒயர் ஒரு சாண் போதும். இது ஏன் முக்கியம்னா, ஸ்டீலோட பிக்கப் ரொம்பக் கனமான சுருள். நீள ஒயரையும் வால்யூம் பெடலையும் நேரா அது மேல ஏத்தினா உச்ச சத்தம் மங்கிடும். என் ஓவர்டிரைவ் அணைஞ்சிருந்தாலும் உள்ள ஒரு பஃபர் வழியாத்தான் அனுப்பும். அதனால அதுக்கப்புறம் ஒயர் நீளம் அவ்வளவாப் பாதிக்கலை. கீழ இறங்கற ரெண்டு ஒயரையும் ஸ்டீலோட காலோட சேர்த்துக் கட்டிட்டேன், முட்டியில மாட்டாம இருக்க.

டிலே பழைய இடத்துலயே, வால்யூமுக்கு அப்புறம்தான் இருக்கு. ஆனா இப்ப அதை அணைக்க என் கைக்கு அரை நொடி போதும். "அணைக்கத் தெரியாததை ஏத்தாதே" - இதுவும் தாத்தாதான்.

அந்த சனிக்கிழமை என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகலை! அதுதான் வெற்றி. அதே வால்ட்ஸ், அதே எட்டு பார். கை போச்சு, அழுத்துச்சு, வந்துடுச்சு. யாரும் திரும்பிக் கூடப் பாக்கலை, ஆடிட்டே இருந்தாங்க. பேண்ட் தலைவர் அடுத்த மாசப் பட்டியல்ல என் பேரை எழுதினார்.

ஆனா நான் சொல்ல வந்தது இது இல்லை.

நிகழ்ச்சி முடிஞ்சு எல்லாரும் ஒயர் சுத்திட்டு இருந்தப்ப தாத்தா மேடைக்கு வந்தார். "ஒரு நிமிஷம்"னு ஸ்டீல் முன்னாடி உக்காந்தார். வலது காலை நீட்டி ஓரமா வெச்சுக்கிட்டார். வால்யூம் பெடலை முழுசாத் திறந்து விடச் சொன்னார். பலகையில டிலேயையும் ரிவெர்ப்பையும் தானே கையால ஆன் பண்ணி, குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பி ஏதோ தேடினார். அப்புறம் இடது கால் பெடலை மட்டும் மிதிச்சு வாசிக்க ஆரம்பிச்சார். வலது முட்டி லீவர் இல்லை, வால்யூம் இல்லை. காலால பிடிச்சு வெச்சிருக்க வேண்டிய நாதத்தை அந்த எதிரொலி தாங்கிப் பிடிச்சிட்டு இருந்துச்சு. முழுசா இல்லை, பழைய மாதிரியும் இல்லை. ஆனா அந்த அழுகை இருந்துச்சு. நாலு வருஷத்துக்கு முன்னாடி நான் கேட்ட அதே அழுகை.

ரெண்டு நிமிஷம் இருக்கும். நிறுத்திட்டு, பலகையைத் தடவிப் பாத்து, "காய் வெட்டற பலகையா?"ன்னு கேட்டார். ஆமாம்னேன். சிரிச்சுட்டு எழுந்துட்டார்.

இப்ப ஒவ்வொரு செவ்வாய்க்கிழமை சாயங்காலமும் வீட்டுக்கு வந்துடறார். முதல் அரை மணி நேரம் அவர் வாசிப்பார், அப்புறம்தான் எனக்கு கிளாஸ். எனக்காகச் செஞ்ச பலகைன்னு நினைச்சிட்டு இருந்தேன். அவர் அன்னிக்குக் கையை எங்க நிறுத்தச் சொல்லணும்னு தெரிஞ்சுதான் சொன்னாரா, இல்லை தற்செயலான்னு இன்னும் கேக்கலை. கேக்கவும் தோணலை.

டிஸ்கி: வெண்டைக்காய் வெட்டப் புதுப் பலகை வாங்கியாச்சு. அது எனக்கு எட்டாத உசரத்துல இருக்கு. உங்க வீட்டுல நீங்க இப்படி எதையெல்லாம் சுட்டு உங்க பொழுதுபோக்குக்குப் பயன்படுத்தியிருக்கீங்கன்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க. நான் மட்டும் திட்டு வாங்கினா எப்படி?